பரிசாக வந்த படைக்கலம்

கொல்கத்தா மாநகரின் தென்பகுதியில் லேக் மார்க்கெட் என்னும் கடைத்தெரு உண்டு. வாழையிலையும், கறிவேப்பிலையும், மல்லிகைச் சரமும், காப்பிப்பொடியும் கிடைக்கும் அவ்விடத்தில் தமிழோசை கேளாத நாளில்லை. பிழைப்பின் பொருட்டு வங்கம் சென்ற தென்னாட்டார் தலைமுறை தலைமுறையாக அதனைச் சூழ்ந்து வாழ்கின்றனர். அங்கு வாழும் நம் அன்பர் ஒருவர் இல்லத்தில், ஒரு பௌர்ணமி நாளன்று, திரிசரணமும் பஞ்சசீலமும் ஓதி முடித்தபின், நாம் சிலர் அமர்ந்து உரையாடிக்கொண்டிருந்தோம். அவர் மைந்தர் குறிபார்த்துச் சுடும் விளையாட்டில் பயிற்சி பெறுபவர். போட்டிகள் சிலவற்றில் வென்றும் உள்ளார். தந்தை நம்மை நோக்கி ஒரு கேள்வி கேட்டார்: "நாளை இவனுக்கு ஒரு துப்பாக்கியே பரிசாக வந்துவிட்டால், சீலம் ஏற்ற நாம் அதனை ஏற்கலாமா? வீட்டில் வைக்கலாமா?"

தாய் இடைமறித்து, "அது வீட்டிற்குள் வந்தால் எனக்கு உறக்கம் வராது" என்றார். மைந்தரோ, "நான் காகிதத்தைச் சுடுகிறேனேயன்றி உயிரைச் சுடவில்லை. வெள்ளிக் கிண்ணம் பரிசாக வந்தால் நடுக்கூடத்தில் வைப்பீர்கள். இது மட்டும் ஏன் ஆகாது?" என்றார். தந்தையின் ஐயம், தாயின் அச்சம், மகனின் வாதம் ஆகிய மூன்றிலும் உண்மை உண்டு. ஆகவே இதனை விளையாட்டுப் பேச்சென்று தள்ளிவிடாது ஆராய்வது நம் கடமையாகும்.

முதற்கண் மகனின் வாதத்தை எடுத்துக்கொள்வோம். முதற்சீலம் உயிர்க்கொலையை விலக்குகின்றது. இலக்குப் பலகையைத் துளைப்பதை விலக்கவில்லை. இவ்விளையாட்டும் இழிந்ததன்று. 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக் பந்தயத்தில் நம் நாட்டின் சார்பில் துப்பாக்கி ஏந்தி நின்ற ஹரிஹர் பானர்ஜி, சௌரேன் சௌத்ரி ஆகிய இருவரும் வங்கத்தாரே. 2012ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் கொல்கத்தாவைச் சேர்ந்த ஜாய்தீப் கர்மாகர் நான்காம் இடம் பெற்றார். கடலூரிற் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019ஆம் ஆண்டு ரியோ டி ஜெனிரோவில் நடந்த உலகக்கோப்பைப் போட்டியில் பொற்பதக்கம் வென்றார். மூச்சை அடக்கி, உடலை அசைவற நிறுத்தி, உள்ளத்தை ஒரு புள்ளியில் நிலைநாட்டும் பயிற்சியை நாம் எவ்வாறு பழிப்போம்? ஆயினும் ஒன்று சொல்லல் வேண்டும். மீனை நோக்கி நிற்கும் கொக்கிற்கும் ஒருமுனைப்பு உண்டு. ஒருமுனைப்பு மட்டும் நற்சமாதி ஆகாது. அது எதன் பொருட்டு என்பதைப் பொறுத்தே நன்றும் தீதும் பிறக்கின்றன.

இனிப் பரிசின் இயல்பை நோக்குவோம். விலைகொடுத்து வாங்கும் பொருளைப் பற்றி, வாங்குமுன் ஒருமுறையேனும் நாம் எண்ணுகிறோம்: இது தேவையா, இதனை வைக்க இடமுண்டா, இதனால் தீங்கு வருமா என்று. பரிசோ அவ்வெண்ணத்திற்கு இடம் தருவதில்லை. கைதட்டலின் நடுவே, கழுத்தில் மாலையோடு, மகிழ்ச்சியின் உச்சியில் அது கைக்கு வந்து சேர்கின்றது. வெள்ளிக் கிண்ணம் அவ்வாறு வந்தால் கேடில்லை. அது அலமாரியில் கிண்ணமாகவே இருக்கும், விழா முடிந்ததும் அதன் வேலையும் முடிந்துவிடும். துப்பாக்கிக்கோ விழா முடிந்த மறுநாள்தான் வேலை தொடங்குகின்றது. வென்றவன் திறமைக்குச் சான்றாக வந்த பொருள், திறமை சிறிதும் இல்லாத எவன் கையிலும் அவ்வண்ணமே வெடிக்கும். மகனின் ஒப்புமை தவறுவது இவ்விடத்தில்தான்.

சாதகக் கதைகளுள் சரபங்க சாதகம் என ஒன்றுண்டு. காசி நகரில் ஒரு குழந்தை பிறந்தபோது நகரிலுள்ள படைக்கலங்கள் யாவும் ஒளிவீசின; அதனால் சோதிபாலன் என்று பெயரிட்டனர். தட்சசீலத்தில் வில்வித்தை பயின்று மீண்ட அவன், அரசன் முன்னிலையில் எவரும் காட்டாத திறங்களைக் காட்டினான். அரசன் மகிழ்ந்து, மறுநாள் சேனாபதிப் பட்டம் தருவதாக அறிவித்தான். அன்றிரவு சோதிபாலன் தனித்திருந்து சிந்தித்தான்: இவ்வித்தையின் தொடக்கம் யாது, முடிவு யாது? தொடக்கமும் கொலை, முடிவும் துன்பம் என்று கண்டான். பட்டத்தைப் பெறாமலே கோதாவரிக் கரையிலுள்ள வனம் சென்று தவம் பூண்டான். அவனே முற்பிறப்பிற் போதிசத்துவர் என்பர். நம் மைந்தர்கள் யாவரும் வனம் செல்லவேண்டும் என்று நாம் கூறவரவில்லை. வெற்றிக்கும் பரிசுக்கும் இடையே அவன் ஓர் இரவை வைத்தான் என்பதையே ஈண்டுக் குறிக்கின்றோம். அந்த ஓர் இரவுச் சிந்தனையே பரிசு பெறுவோர் பலர்க்கு இல்லாமற் போகின்றது.

நிற்க. நம் மக்களுக்கு இக்கேள்வியில் வேறொரு முள்ளும் உண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்தியர் உரிமமின்றிப் படைக்கலம் வைத்தலைத் தடுத்தது, ஐரோப்பியர்க்கு விலக்களித்தது. ஆக, துப்பாக்கி என்பது வெறும் கருவியாக அன்றி, மேலோன் யார் கீழோன் யார் என்று காட்டும் அடையாளமாகவே இந்நாட்டில் வேரூன்றியது. ஊர்ப்பெரியவர் திண்ணையில் சுவரில் தொங்கும் துப்பாக்கியை எத்தனை ஏழைகள் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்திருப்பர்! சென்னைப் படையில் சேர்ந்து நாடு நாடாகச் சென்று போரிட்ட நம் முன்னோர், ஊர் திரும்பியபின் அதே தெருவில் செருப்பணிந்து நடக்கவும் உரிமை பெறவில்லை. இவ்வரலாற்றை அறிந்த இளைஞன் ஒருவன், "இன்று என் சுவரிலும் ஒன்று தொங்கட்டுமே" என்று எண்ணினால், அவ்வெண்ணத்தின் வலி நமக்குப் புரியாததன்று.

ஆனால் அடையாளத்தை அடையாளத்தால் வெல்லல் ஆகாது. 2008ஆம் ஆண்டில் மத்தியப்பிரதேசத்துச் சிவபுரி மாவட்டத்தில், குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொள்ளும் ஆடவர்க்குத் துப்பாக்கி உரிமம் விரைந்து வழங்கப்படும் என்று அறிவித்தனர். ஆண்மை குன்றிவிடுமோ என்று அஞ்சியவர்க்கு ஆண்மையின் சின்னமாக உரிமம் காட்டப்பட்டது. 2019ஆம் ஆண்டில் பஞ்சாபின் பெரோஸ்பூர் மாவட்டத்தில், உரிமம் கேட்போர் 10 மரக்கன்றுகள் நடவேண்டும் என்றனர். மரம் நடுதல் நன்றே. எனினும் இவ்விரு செய்திகளும் ஓர் உண்மையை உரைக்கின்றன: துப்பாக்கி உரிமம் இந்நாட்டில் இன்னும் பரிசாகவே, கௌரவமாகவே கருதப்படுகின்றது. மனிதனின் மதிப்பு அவன் சுவரில் தொங்குவதால் வருவதாயின், நாம் 1956ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் காட்டப்பட்ட வழியை ஏற்றதற்குப் பொருளே இல்லை. அயோத்திதாச பண்டிதர் 1898ஆம் ஆண்டில் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவியதும் மனிதன் தன் மதிப்பைத் தன் ஒழுக்கத்தில் காணவேண்டும் என்பதற்காகவே அன்றோ?

இனி உள்ளீடான கேள்விக்கு வருவோம். பகவான் புத்தர் எண்ணமே வினை என்று போதித்தார். அவ்வாறாயின், தீயெண்ணம் சிறிதும் இல்லாதவன் வீட்டில் துப்பாக்கி இருந்து, அதனை வேறொருவன் எடுத்துத் தீங்கு விளைத்தால், உடையவனுக்குப் பழி உண்டா? "எனக்கு அவ்வெண்ணம் இல்லையே" என்று அவன் சொன்னால் நாம் என்ன விடை பகர்வது?

தம்மபத உரையில் வரும் இரு கதைகள் அவன் சார்பில் நிற்பன போல் தோன்றும். கண்ணிழந்த சக்குபாலத் தேரர் உலவும்போது அவர் காலடியில் பூச்சிகள் மாண்டன. அவர் கண்டிலர், எண்ணிலர். ஆதலின் கொலைக்குற்றம் இல்லை என்று பகவான் மொழிந்தார். மற்றொன்று வேடன் குக்குடமித்தன் மனைவியின் கதை. இளமையிலேயே தம்மத்தின் முதற்படியை எய்திய அம்மையார், கணவன் கேட்ட பொழுதெல்லாம் வில்லையும் அம்பையும் வலையையும் எடுத்துக் கொடுத்துவந்தார். இது குற்றமன்றோ என்று பிக்குகள் வினவினர். புண்ணில்லாத கையில் நஞ்சு ஏறாதது போல், தீயெண்ணமில்லாத உள்ளத்தில் தீவினை ஏறாது என்பதே கிடைத்த விடை.

இவற்றோடு நிறுத்திக்கொண்டால் நம் வேலை எளிதாகிவிடும். ஆனால் விநயத்தில் மூன்றாவதொரு நிகழ்ச்சி உள்ளது. ஒரு பிக்கு ஒரு வீட்டிற்குச் சென்று, துணி மூடியிருந்த ஓர் ஆசனத்தில் அமர்ந்தார். துணிக்கடியில் குழந்தை ஒன்று படுத்திருந்தது. அது நசுங்கி இறந்தது. பிக்கு கொல்ல எண்ணினாரல்லர். ஆகவே சங்கத்தினின்று நீக்கும் பெருங்குற்றம் அவர்மேல் சாரவில்லை. ஆயினும் பகவான் அவ்வளவில் விடவில்லை. இனி ஆசனத்தைப் பாராமல் அமர்தல் கூடாது, அமர்ந்தால் குற்றம் என்று விதித்தார்.

இம்மூன்றையும் ஒருசேர வைத்துப் பார்ப்போமாக. தேரருக்குக் கண் இல்லை. வேடன் மனைவி, கணவன் சொற்கேட்டு நடக்கும் நிலையில் இருந்தார். வில் அவர் விரும்பித் தேடிய பொருளும் அன்று. பிக்குவிற்கோ கண்ணும் இருந்தது, துணியைத் தூக்கிப் பார்க்க நேரமும் இருந்தது. துப்பாக்கியைப் பரிசாகப் பெற்று வீட்டில் வைப்பவன் இம்மூவருள் யாரை ஒத்தவன்? அவன் குருடனல்லன், எவர் ஏவலுக்கும் கட்டுப்பட்டவனல்லன். அவன் ஆசனத்தில் அமரப்போகும் மனிதன். துணியைத் தூக்கிப் பார்க்கக் கடமைப்பட்டவன். எண்ணமின்மை கொலைப்பழியைத் தடுக்கலாம். பாராமையின் பழியைத் தடுக்காது. பாராமையைத்தான் பகவான் பமாதம் என்றார். விழிப்பாகிய அப்பமாதத்தை இறுதிக் காலத்திலும் வலியுறுத்திச் சென்றார்.

பொறுப்பு என்னும் சொல்லுக்கு இதுவே பொருள் என்று கருதுகின்றோம். தீங்கு நேர்ந்தபின் தலைகுனிவது பொறுப்பன்று; தீங்கு நேருமுன் துணியைத் தூக்கிப் பார்ப்பதே பொறுப்பு.

படைக்கலத்திற்கு எசமானப் பற்று இல்லை என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். கல்கத்தா நகரமே இதற்குச் சான்று. 1914ஆம் ஆண்டு ஆகஸ்டு 26ஆம் நாள் ரோடா என்னும் துப்பாக்கி வணிகக் கம்பெனிக்கு வந்த சரக்கிலிருந்து 50 மௌசர் கைத்துப்பாக்கிகளும் 46,000 தோட்டாக்களும் விடுதலைப் புரட்சியாளர் கைக்கு மாறின. அவர்தம் நாட்டுப்பற்றையும் தியாகத்தையும் ஈண்டு நாம் எடைபோட வரவில்லை. ஆனால் 1918ஆம் ஆண்டு ரௌலட் குழு அளித்த அறிக்கை, அவற்றுள் 44 துப்பாக்கிகள் 9 குழுக்களுக்குப் பிரிந்து சென்றதாகவும், கொள்ளை, கொலை, கொலை முயற்சி என 54 நிகழ்ச்சிகளில் பயன்பட்டதாகவும் குறிக்கின்றது. பெட்டியில் அடுக்கி அனுப்பியவன் அவற்றுள் ஒன்றையேனும் எண்ணியிருப்பானா? கை மாறிய கருவி கணக்கில் அடங்காது.

கை மாறவேண்டுவதும் இல்லை. உடையவன் மனம் மாறினாலே போதும். மணிமேகலைக் காப்பியத்தில் காஞ்சனன் என்னும் விஞ்சையன் தன் மனைவி காயசண்டிகையைத் தேடி வருகின்றான். அவள் வடிவு பூண்டிருந்த மணிமேகலையை அவளென்றே மயங்கி, அருகு வந்த உதயகுமரனை வாளால் வெட்டி வீழ்த்துகின்றான். பின்னரே கந்திற்பாவை உண்மையை உரைக்கின்றது. அவன் கொலைத் தொழிலினன் அல்லன். மனைவிக்காகப் பன்னிரண்டாண்டு காத்திருந்த கணவன். ஒரு பிழையான எண்ணம், ஒரு கணச் சினம், கைக்கெட்டும் தொலைவில் ஒரு வாள் ஆகிய மூன்றும் ஓரிடத்தில் கூடின, அவ்வளவே. கையில் வாள் இல்லையாயின் அச்சினம் சொல்லாகப் போயிருக்கும். சொல்லைத் திரும்பப் பெறலாம்.

சினம் மட்டுமன்று, துயரமும் அவ்வாறே. தேர்வில் தோற்ற பிள்ளை, வேலையிழந்த தந்தை, தனித்துப்போன முதியவர் ஆகியோர் உள்ளத்தில் எழும் இருள் பெரும்பாலும் ஓரிரவில் கடந்துபோவது. அவ்வோரிரவில் கைக்கெட்டும் தொலைவில் துப்பாக்கி இருக்குமாயின் மறுநாள் விடியாமற் போகும். தாயின் உறக்கமின்மை வெறும் பெண்மனத்து அச்சமென்று கருதுவோர் இதனைச் சிந்திப்பாராக. அத்தாய் அஞ்சியது துப்பாக்கிக்கு அன்று. வீட்டிலுள்ளோர் மனம் எந்நாளும் ஒரே நிலையில் இராது என்னும் உண்மைக்கே.

சட்டம் கூறுவதையும் அறிதல் வேண்டும். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் 1962ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன்படி உரிமமின்றித் துப்பாக்கி வைத்தல் குற்றம். பரிசு என்பதனால் அக்குற்றம் நீங்காது. உரிமம் இல்லாதவனிடம் கொடுத்தவனும் குற்றவாளியே. 21 வயது நிரம்பாதவர் உடைமையாகப் பெறல் இயலாது. பயிற்சிக்கு மட்டும் தனி விதிகள் உள்ளன. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. உரிமக் காலத்தை ஐந்தாண்டாக்கியது. திருமணம் போன்ற கொண்டாட்டங்களில் பொறுப்பின்றிச் சுடுவோர்க்கு ஈராண்டு வரை சிறையோ, ஒரு இலட்ச ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதித்தது. உரிமம் இழந்தவர் படைக்கலத்தைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைக்கவேண்டும். சட்டம் ஐந்தாண்டிற்கு ஒருமுறை நம்மைக் கேட்கின்றது. சீலமோ நாள்தோறும் கேட்கின்றது. வேற்றுமை அவ்வளவே.

"அத்தனை தொல்லை எதற்கு? விற்றுவிட்டால் தீர்ந்தது" என்று அன்று கூட்டத்தில் ஒருவர் உரைத்தார். இல்லறத்தார் விலக்கவேண்டிய ஐந்து வாணிபங்களுள் படைக்கல வாணிபத்தையே பகவான் முதலில் வைத்தார். ஒருமுறை விற்பது வாணிபம் ஆகாது என்பது உண்மையே. எனினும் நம் வீட்டு அச்சத்தைப் பணமாக்கி அடுத்தவன் வீட்டிற்கு அனுப்புவது அறத்தின் தீர்வாகாது. எவன் கைக்குச் செல்கின்றது என்பதைப் பாராமல் விற்பவனும் துணியைத் தூக்கிப் பாராமல் அமர்ந்தவனே.

அறிஞர் அம்பேத்கர் தம் மறைவிற்குப்பின் 1957ஆம் ஆண்டில் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' என்னும் நூலில், அகிம்சையைக் கண்மூடிப் பின்பற்றும் விதியாகக் கொள்ளாது, சிந்தித்து நடக்கவேண்டிய தத்துவமாகக் கொள்கின்றார்; கொல்லும் விருப்பத்தையும் கொல்லவேண்டிய தேவையையும் வேறுபடுத்துகின்றார். விதி நம்மைச் சிந்தனையிலிருந்து விடுவிக்கும். தத்துவம் நம்மைச் சிந்திக்கக் கட்டாயப்படுத்தும். ஆகவே "தொடாதே" என்று ஒரே சொல்லில் அம்மைந்தரைத் தள்ளிவிட நாம் விரும்பவில்லை. அதனினும் கடினமானதையே அவரிடம் கேட்கின்றோம்.

மேடையில் கிடைத்த பெருமையை அவர் மகிழ்வோடு ஏற்கட்டும். அது உழைப்பின் பயன். கருவியை மட்டும் ஓரிரவு தள்ளிவைத்துச் சிந்திக்கட்டும். உரிமம் பெறுமுன் அதனைத் தொடாதிருக்கட்டும். பெற்றபின்னும், இரண்டறை வீட்டில் சிறுவரும் முதியவரும் நெருங்கி வாழுமிடத்தில், சட்டத்திற்கு உட்பட்டுப் பயிற்சிக் கழகத்தின் ஆயுத அறையிலேயே அது இருப்பது நன்று. வீட்டில் வைத்தே தீரவேண்டுமாயின், தோட்டா நீக்கிப் பூட்டப்படட்டும். தோட்டாக்கள் வேறொரு பூட்டில் இருக்கட்டும். திறவுகோல் ஒருவர் கையில் மட்டும் இருக்கட்டும். விருந்தினர்க்கு எடுத்துக் காட்டுவது வேண்டா. சுவரில் மாட்டுவதும் வேண்டா. வீட்டில் சினமோ துயரமோ குடிப்பழக்கமோ தலைகாட்டிய நாளில், வெட்கமின்றி அதனை வெளியே ஒப்படைக்கும் துணிவு வேண்டும். இவ்வளவும் செய்ய மனமில்லாதவன் அப்பரிசை வென்றவனாகலாம், உடையவனாக ஆகான்.

குக்குடமித்தன் கதையின் முடிவை நாம் இன்னும் சொல்லவில்லை. தன் வலையில் விலங்கு சிக்காமை கண்டு சினந்த வேடன், அங்கு அமர்ந்திருந்த பகவான்மீது வில்லை வளைத்தான். வளைத்த வில்லை விடவும் இயலாது, இறக்கவும் இயலாது நின்றான். தேடி வந்த அவன் ஏழு மக்களும் அவ்வாறே நின்றனர். அம்மையார் ஓடிவந்து, "என் தந்தையைக் கொல்லாதீர்" என்று கதறினார். அச்சொல் கேட்டு அவர்கள் உள்ளம் நெகிழ்ந்தது, வில் தாழ்ந்தது. இத்தனை ஆண்டு வில்லை எடுத்துக் கொடுத்தவரே அன்று அதனைக் கீழே வைக்கச் செய்தார். ஒவ்வொரு வீட்டிலும் அக்குரல் ஒன்று இருத்தல் நன்று. லேக் மார்க்கெட் இல்லத்தில் அக்குரல் அத்தாயினுடையது.

அன்று மாலை உரையாடல் முடிந்தபின் யாவரும் அண்மையிலுள்ள இரவீந்திர சரோவர் ஏரிக்கரைக்கு நடந்தோம். அவ்வேரியைத் தோண்டிய காலத்தில் மண்ணுக்கடியில் கிடைத்த பழம் பீரங்கிகள் அங்கு வைக்கப்பட்டுள்ளன. நவாப் சிராஜ் உத்தௌலா காலத்தவை என்று சொல்வர். ஒரு காலத்தில் அவற்றைப் பெற்றவனும் பெருமையோடே பெற்றிருப்பான். ஏரியின் மறுபக்கம், ஜப்பானியத் துறவி நிச்சிதாத்சு ஃபுஜி அவர்கள் 1935ஆம் ஆண்டில் நிறுவிய பௌத்த ஆலயம் இருக்கின்றது. அதன் வாயிலில் நின்று வணங்கியபோது மைந்தர் தந்தையிடம் மெல்லச் சொன்னார்: "பரிசு வந்தால், முதலில் அம்மாவைக் கேட்கிறேன்."

வினாவிற்கு முழுவிடை அதுவன்று. ஆனால் துணியைத் தூக்கிப் பார்க்கும் கை அது. நாமும் அவ்வாறே, நம் வீட்டில் கண்ணுக்குத் தெரியாமல் மூடிக்கிடப்பவை யாவை என்று நாள்தோறும் நோக்கி, விழிப்போடு வாழ்வோமாக.